கணினிக்கும் ஒரு பாயிரம்

முன்னுரை

நூலின் உள்ளே புகுமுன் கற்போன் அறிய வேண்டியவற்றைத் தொகுத்துரைப்பது பாயிரம். எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இன்றி அது நிறைவுறாது என்பது நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவரின் கருத்து. ஆக்கியோன் யார், நூல் வந்த வழி யாது, அதன் பெயர் என்ன, நுதலிய பொருள் யாது என்பனவற்றை அறிவித்துக் கற்போனை நூலின் வாயிலில் கொண்டு நிறுத்துவது அதன் பணி.

கணினிக்கும் இத்தகையதொரு பாயிரம் உண்டு. பூட்லோடர் என வழங்கும் அதனைத் தொடக்க ஏற்றி எனத் தமிழில் கூறலாம். பொத்தானை அழுத்தியவுடன் விண்டோஸ் எங்கே இருக்கின்றது, லினக்ஸ் எங்கே இருக்கின்றது எனக் கணினிக்கு வழிகாட்டுவது அதுவே. அது பழுதுற்றால் கறுப்புத் திரையில் ஓரிரு சொற்களைக் காட்டிவிட்டுக் கணினி நின்றுவிடும். அந்நிலையில் எல்லாம் போயிற்று என அஞ்சி, வன்வட்டையே அழித்துப் புதிதாக எழுதச் செய்வோர் பலர். போனது பாயிரம் மட்டுமே, நூல் அன்று என்பதை அவர்கள் அறிவதில்லை.

தமிழ்த்துறை மலரில் கணினிப் பழுதைப் பற்றிய கட்டுரை எதற்கு என்னும் வினா எழலாம். ஒரு காலத்தில் ஓலையிலும் பின்னர்த் தாளிலும் இருந்த தமிழாய்வாளரின் வாழ்நாள் உழைப்பு இன்று வன்வட்டுகளில் உறைகின்றது. ஏட்டைக் கறையான் அரிக்காமல் காக்கும் முறையை நம் முன்னோர் கற்றிருந்தனர். வட்டை அறியாமை அழிக்காமல் காக்கும் முறையை நாம் கற்க வேண்டும். இத்தேவையை நமக்கு உணர்த்தியது வட்டக்கானலில் நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சி.

வட்டக்கானலில் நேர்ந்தது

கோடைக்கானல் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், டால்பின் மூக்குப் பாறைக்குச் செல்லும் வழியில், சோலைக்காடுகளை ஒட்டி அமைந்த சிற்றூர் வட்டக்கானல். உலகெங்கும் தாவரவியலார் 'ஷோலா' என வழங்கும் சொல் நம் 'சோலை'யே என்பதை ஈண்டு நினைவுகூரலாம். மேகம் சாளரத்தின் வழியே வீட்டினுள் புகுந்து செல்லும் அவ்வூரில், நம் மதிப்பிற்குரிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கின்றார். பழனி மலைச் சிற்றூர்களில் மரம், செடி, மழை, காற்று, உழவு ஆகியன குறித்து மக்கள் வழங்கும் சொற்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொகுத்து வருபவர் அவர். அச்சொற்களை அவருக்குக் கூறிய முதியோர் பலர் இன்று இல்லை. எனவே மீண்டும் ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்பதற்கும் இடமில்லை.

அவருடைய கணினியில் இரண்டு வட்டுகள் உள்ளன. முதலாவது 500 ஜி.பி. கொள்ளளவுடைய பழைய வன்வட்டு. அதில் இருப்பது விண்டோஸ் 7. யூனிகோடு முறை பரவாத நாளில் பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட குறிப்புகள் அனைத்தும் அதில்தான் உள்ளன. அவ்வெழுத்துருவும் அதற்குரிய மென்பொருளும் இல்லையெனில் அக்குறிப்புகள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். இரண்டாவது, எஸ்.எஸ்.டி. எனப்படும் 240 ஜி.பி. திண்மநிலை வட்டு. அதில் லினக்ஸ் இயங்குதளமும், யூனிகோடுக்கு மாற்றப்பட்ட குறிப்புகளும், அண்மைக் காலத் தொகுப்பும் உள்ளன. பழையதைப் படிக்க விண்டோஸ் வேண்டும். புதியதை எழுத லினக்ஸ் வேண்டும். ஆகவே ஒரு கணினியில் இரு இயங்குதளம் என்பது அவருக்கு ஆடம்பரம் அன்று, தேவை.

ஐப்பசி மழையில் கூரை கசிந்ததால் ஆசிரியர் மேசையைக் கணினியோடு சேர்த்து எதிர்ச்சுவர் ஓரமாக நகர்த்தினார். அன்றிரவு போன மின்சாரம் இரண்டு நாள் கழித்து வந்தது. வந்தபின் கணினியை இயக்கினால் வழக்கமான பட்டியல் தோன்றவில்லை. அத்தகைய சாதனம் இல்லை என்று பொருள்படும் ஒரு வரியும், அதன்கீழ்க் 'கிரப் ரெஸ்கியூ' என்னும் சொற்களும், கண்சிமிட்டும் ஒரு கோடும் மட்டுமே இருந்தன. பழுதுநீக்கும் கடை ஒன்றைத் தொலைபேசியில் கேட்டபோது, வட்டைப் 'பார்மட்' செய்து விண்டோஸை மீண்டும் ஏற்றித் தருவதாகக் கூறினராம்.

விடுமுறையில் நாம் அவரைக் காணச் சென்றது அதற்கு மறுநாள். கணினிப் பயன்பாட்டியல் பயின்ற நம் பழைய மாணவர் ஒருவரும் உடன் வந்திருந்தார். "தம்பி, இருபது வருட உழைப்பு இந்தப் பெட்டிக்குள்ளே இருக்கிறது. வேறு எங்கும் பிரதி இல்லை" என்றார் ஆசிரியர். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. மாணவரோ திரையைச் சிறிதுநேரம் நோக்கிவிட்டு, "ஐயா, இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம். இது என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம்" என்றார். அன்று அவர் செய்தவற்றையும், அவற்றின் காரணங்களையும், பின்னர் நாம் படித்தறிந்தவற்றையும் ஒழுங்குபடுத்திக் கீழே தருகின்றோம்.

கணினி விழித்தெழும் முறை

பழுதை அறிய வேண்டுமாயின் இயல்பான நிகழ்வை முதலில் அறிதல் வேண்டும். பொத்தானை அழுத்திய நொடி முதல் இயங்குதளம் தோன்றும் வரை நான்கு படிகள் உள்ளன.

முதற்படி, தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள். பழைய கணினிகளில் இதற்குப் பயாஸ் என்று பெயர், புதியனவற்றில் யூ.ஈ.எஃப்.ஐ. என்று பெயர். நினைவகம், விசைப்பலகை, வட்டுகள் ஆகியன உள்ளனவா என இது சோதிக்கின்றது. பின்னர்த் தனக்குக் குறித்து வைக்கப்பட்ட வரிசைப்படி எந்த வட்டிலிருந்து தொடங்குவது எனப் பார்க்கின்றது.

இரண்டாம் படி, அவ்வட்டின் முதற்பகுதி. பழைய முறையில் இதனை முதன்மைத் தொடக்கப் பதிவு என்பர். 1983ஆம் ஆண்டு வெளிவந்த பி.சி. டாஸ் 2.0 என்னும் இயங்குதளத்தோடு வழக்கிற்கு வந்த முறை இது. இதன் மொத்த அளவு 512 பைட் மட்டுமே. அதில் 446 பைட் நிரலுக்கு உரியது. 64 பைட் வட்டின் நான்கு பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணை. எஞ்சிய 2 பைட் இது தொடக்கத்திற்குரிய வட்டு எனக் காட்டும் முத்திரை. யூனிகோடின் பரவலான சேமிப்பு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் இடம் கொள்வதால், 446 பைட்டில் ஏறத்தாழ மூன்று குறட்பாக்களையே எழுத இயலும். அத்துணைச் சிறிய இடத்தில் முழு வழிகாட்டியையும் எழுத முடியாது. ஆகவே, மிகுதி இன்ன இடத்தில் உள்ளது என்னும் குறிப்பு மட்டும் அங்கே எழுதப்படுகின்றது.

மூன்றாம் படி, அம்மிகுதிப் பகுதி. லினக்ஸ் உள்ள கணினிகளில் பெரும்பாலும் இப்பணியைச் செய்வது கிரப் என்னும் தொடக்க ஏற்றி. எரிக் போலின் என்பார் 1995ஆம் ஆண்டு இதனை உருவாக்கத் தொடங்கினார். அதற்கு முன்னர் லைலோ என்னும் ஏற்றி லினக்ஸ் பயனாளரிடையே பெருவழக்காக இருந்தது. எந்த இயங்குதளம் வேண்டும் என வினவும் பட்டியலைத் திரையில் காட்டுவது இம்மூன்றாம் படியே.

நான்காம் படி, தேர்ந்தெடுத்த இயங்குதளத்தின் கருநிரல் நினைவகத்தில் ஏறுதல். இத்துடன் தொடக்க ஏற்றியின் பணி முடிந்துவிடுகின்றது.

இந்நான்கும் சங்கிலியின் கண்ணிகள் போன்றவை. எந்தக் கண்ணி அறுந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றே: கணினி தொடங்கவில்லை. ஆயினும் எங்கே அறுந்தது என்பதற்கேற்ப மருந்து வேறுபடும். நம் கட்டுரைகளும் படங்களும் சொற்றொகுப்புகளும் இந்நான்கு படிகளில் எதிலும் இல்லை. அவை வட்டின் பிற பகுதிகளில் தனியே உள்ளன. தொடக்க ஏற்றி பழுதுற்றமையால் மட்டும் அவற்றில் ஓர் எழுத்தும் அழிவதில்லை.

பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. எனினும் தொடக்கம் இல்லையே என்று எஞ்சிய ஏடுகளை எவரும் ஆற்றில் விடவில்லை. கிடைத்த எட்டுப் பத்துகளையும் உ.வே.சாமிநாதையர் 1904ஆம் ஆண்டு பதிப்பித்தார். கணினி வட்டின் நிலை அதனினும் நன்று. அங்கே இழந்த தொடக்கத்தை நாமே மீண்டும் எழுதிக்கொள்ள முடியும்.

தமிழ்நாட்டு மாணவர் அறிந்த பட்டியல்

ஒரு கணினியில் இரு இயங்குதளம் என்பது நம் மாணவர்க்குப் புதிதன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்ற தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பெற்ற கணினிகள் பலவற்றில் விண்டோஸும் லினக்ஸும் ஒருங்கே நிறுவப்பட்டிருந்தன. நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவ்வாறு இடம்பெற்றது. எது வேண்டும் என வினவும் பட்டியலை நம் மாணவர் பலர் முதன்முதலில் கண்டது அக்கணினிகளில்தான்.

அந்நாளில் வகுப்பறையில் நாம் அடிக்கடி கண்ட பழுது ஒன்று உண்டு. திரைப்படங்களுக்கு இடம் போதவில்லை என்று விண்டோஸின் உள்ளிருந்தே லினக்ஸ் இருந்த பிரிவை மாணவர் சிலர் அழித்துவிடுவர். மறுநாள் கணினி தொடங்காது. கிரப்பின் முதற்பகுதி வட்டின் தொடக்கத்தில் அப்படியே இருக்கும். அது தேடிச் செல்லும் மிகுதிப் பகுதியோ அழிக்கப்பட்ட பிரிவோடு போயிருக்கும். விண்டோஸும் மாணவரின் கோப்புகளும் ஒரு குறையுமின்றி உள்ளே இருக்க, வாயிற்காவலன் மட்டும் வழியறியாது திகைத்து நிற்பான். வட்டக்கானலில் நிகழ்ந்ததும் ஏறத்தாழ இதுவே. ஆயின் அங்கே வட்டுகள் இரண்டு என்பதால் பழுது சற்று மறைந்திருந்தது.

திரையில் தோன்றும் சொற்கள்

மருத்துவர் நாடி பார்ப்பது போலத் திரையின் செய்தியைப் பார்த்தல் வேண்டும். அஞ்சி அணைத்துவிடாமல் அதனைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது நலம். பெரும்பாலும் காணப்படுவன இவை:

1. தொடங்கத்தக்க சாதனம் இல்லை, இயங்குதளம் காணப்படவில்லை என்னும் பொருளில் செய்தி வந்தால், பழுது முதல் இரு படிகளில் உள்ளது. வட்டு தெரியவில்லை, அல்லது வரிசை மாறியுள்ளது, அல்லது மறந்து செருகி வைத்த பென்டிரைவிலிருந்து கணினி தொடங்க முயல்கின்றது.

2. 'கிரப் ரெஸ்கியூ' எனத் தோன்றினால் கிரப்பின் முதற்பகுதி நலமாக உள்ளது. அதன் மிகுதிப் பகுதி எட்டவில்லை. பிரிவு அழிக்கப்பட்டிருக்கலாம், அல்லது அது இருந்த வட்டே தெரியாமற் போயிருக்கலாம்.

3. ரெஸ்கியூ என்னும் சொல் இன்றிக் 'கிரப்' என மட்டும் தோன்றினால் மிகுதிப் பகுதியும் கிடைத்துவிட்டது. பட்டியல் எழுதிய கோப்பை மட்டும் காணவில்லை எனலாம்.

4. பட்டியல் தோன்றி, அதில் விண்டோஸ் இல்லையெனில் விண்டோஸ் அழிந்துவிட்டதாகக் கருதுதல் கூடாது. 2021ஆம் ஆண்டு வெளிவந்த கிரப் 2.06 பதிப்பு முதல், பிற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் வசதி இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டுள்ளது. அமைப்புக் கோப்பில் அதனை இயக்கிப் பட்டியலைப் புதுப்பித்தால் போதும்.

5. பட்டியலில் தேர்ந்தெடுத்த பின்னர் இயங்குதளம் நின்றுவிட்டால், தொடக்க ஏற்றி தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது. பழுதை இயங்குதளத்தில் தேட வேண்டும்.

6. பட்டியலே தோன்றாமல் நேரே விண்டோஸ் வந்தால், பெரும்பாலும் வட்டுகளின் வரிசையே மாறியிருக்கும். லினக்ஸ் தன் இடத்தில் இருக்கும்.

பழுது கண்டறியப்பட்ட வகை

வட்டக்கானல் கணினியில் தோன்றியது இவற்றுள் இரண்டாவது. அந்நிலையிலும் கிரப் சில கட்டளைகளை ஏற்கும். மாணவர் 'எல்', 'எஸ்' என்னும் இரண்டு எழுத்துகளை மட்டும் தட்டச்சிட்டார். கணினிக்குத் தென்படும் வட்டுகளையும் பிரிவுகளையும் பட்டியலிடும் கட்டளை அது. இரண்டு வட்டுகள் தோன்ற வேண்டிய இடத்தில் ஒன்றே தோன்றியது. கணினியை மீண்டும் இயக்கிப் பயாஸ் திரைக்குள் சென்று பார்த்தபோது அங்கும் 500 ஜி.பி. வன்வட்டு மட்டுமே இருந்தது. 240 ஜி.பி. வட்டைக் காணவில்லை. அறுந்த கண்ணி முதற்படியிலேயே உள்ளது என்பது இதனால் தெளிவாயிற்று. மென்பொருளைக் கொண்டு செய்யக்கூடியது அந்நிலையில் எதுவும் இல்லை.

மின்னிணைப்பை நீக்கிவிட்டுப் பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றினோம். திண்மநிலை வட்டு திருகாணியால் பொருத்தப்படாமல் ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டிருந்தது. மலை ஈரத்தில் பசை விட்டுப்போய், மேசையை நகர்த்தியபோது வட்டு கீழிறங்கி, அதன் தரவுக் கேபிள் பாதி கழன்றிருந்தது. கேபிளை எடுத்துத் துடைத்து அழுத்திச் செருகிக் கணினியை இயக்கினோம். வழக்கமான பட்டியல் தோன்றியது. ஆசிரியர் ஒன்றும் பேசாமல் நாற்காலியில் அமர்ந்தார்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுவர். மாணவர் நிறுத்தவில்லை. லினக்ஸ் பட்டியல் இரண்டாம் வட்டில் இருந்தது சரி. அவ்வட்டு கழன்றால் முதல் வட்டில் நலமாக இருந்த விண்டோஸும் ஏன் தொடங்கவில்லை என்பதே அவர் எழுப்பிய வினா. விடை இதுதான்: லினக்ஸை இரண்டாம் வட்டில் நிறுவிய நாளில், கிரப்பின் முதற்பகுதி மட்டும் முதல் வட்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டுவிட்டது. அங்கிருந்த விண்டோஸின் பாயிரம் அதனால் நீங்கியது. அன்றுமுதல் ஒரு நூலின் பாயிரம் பாதி ஓரேட்டிலும் பாதி வேறோர் ஏட்டிலும் இருந்துவந்தது. இரு வட்டுகளும் நலமாக இருந்த வரையில் இக்குறை வெளிப்படவில்லை. ஒன்று நீங்கியவுடன் இரண்டும் முடங்கின.

இரண்டு வட்டு உள்ள கணினிகளில் காணப்படும் பழுதுகளுள் பலவற்றிற்கு இதுவே வேர். நிறுவும் மென்பொருள் தொடக்க ஏற்றியை எங்கே எழுதுவது என வினவும்போது, பெரும்பாலோர் முதலில் காட்டப்படும் வட்டை அப்படியே ஏற்றுக்கொள்கின்றனர். அது அவர்கள் கருதிய வட்டாக இருத்தல் வேண்டும் என்பதில்லை.

முதலில் பிரதி, பின்னர்ச் சீரமைப்பு

சீரமைப்பைத் தொடங்குமுன் ஆசிரியரின் குறிப்புகள் அனைத்தையும், பழைய எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து, நாம் கொண்டுசென்றிருந்த வெளிவட்டு ஒன்றில் பிரதி எடுத்தோம். லினக்ஸின் உள்ளிருந்தே விண்டோஸ் வட்டின் கோப்புகளைப் படிக்க இயலும். கணினியே தொடங்காத நிலையிலும், லினக்ஸ் எழுதிய பென்டிரைவிலிருந்து தற்காலிகமாகத் தொடங்கி இவ்வாறு பிரதி எடுக்கலாம். வட்டு இயந்திர வகையில் கெடாதிருந்தால் போதும்.

பின்னர் மாணவர் செய்தவை மூன்று. முதலாவதாக, லினக்ஸிலிருந்து கிரப்பை முழுமையாக இரண்டாம் வட்டிலேயே நிறுவினார். எந்த வட்டு என்பதைக் கணினி தரும் வரிசைப் பெயரைக் கொண்டு முடிவுசெய்யாமல், கொள்ளளவையும் வட்டின் மாதிரிப் பெயரையும் கொண்டு உறுதிப்படுத்திக்கொண்டார். ஏனெனில் வரிசைப் பெயர்கள் ஒவ்வொரு முறையும் மாறக்கூடும். இரண்டாவதாக, மின்னிணைப்பை நீக்கி இரண்டாம் வட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஆசிரியரிடமிருந்த விண்டோஸ் நிறுவல் குறுந்தகட்டின் பழுதுநீக்கும் பகுதியைக் கொண்டு முதல் வட்டின் தொடக்கப் பதிவை விண்டோஸுக்கு உரியதாக மீண்டும் எழுதினார். கழற்றி வைத்தமைக்குக் காரணம், கை தவறி வேறு வட்டில் எழுதிவிடாதிருத்தல். அவ்வொரு வட்டைக் கொண்டே விண்டோஸ் தொடங்கியதைச் சோதித்த பின்னரே இரண்டாம் வட்டைத் திருகாணியிட்டுப் பொருத்தினார். மூன்றாவதாக, பயாஸ் வரிசையில் இரண்டாம் வட்டை முன்னே வைத்தார். இப்போது பட்டியலில் இரண்டும் தோன்றின.

மறுநாட் காலை கணினியை இயக்கியபோது பட்டியல் தோன்றாமல் நேரே விண்டோஸ் வந்தது. ஆசிரியரின் முகம் மீண்டும் வாடியது. திரையின் மூலையில் இருந்த தேதி 2009 சனவரி 1 எனக் காட்டியதை மாணவர் சுட்டிக்காட்டினார். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும் பயாஸ் அமைப்பையும் காப்பது தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம். அது தீர்ந்துவிட்டதால், இரவில் மின்னிணைப்பை நீக்கியவுடன் நாம் அமைத்த வரிசையும் மறைந்தது. கோடைக்கானல் கடைத்தெருவில் சி.ஆர். 2032 வகை மின்கலம் ஒன்றை வாங்கி மாற்றியதும் அக்குறையும் தீர்ந்தது.

பழுதுகள் இரண்டு ஒருங்கே இருந்தன என்பதைக் காட்டிலும் நாம் இங்கே கருதத்தக்கது ஒன்று. வரிசை மாறியபோதும் இம்முறை கணினி முடங்கவில்லை. விண்டோஸ் தானே தொடங்கியது. ஒவ்வொரு வட்டும் தன் பாயிரத்தைத் தன்னிடத்தே கொண்டிருந்தமையே காரணம்.

புதிய கணினிகளில்

அண்மைக் காலக் கணினிகளில் யூ.ஈ.எஃப்.ஐ. முறை வழங்குகின்றது. இம்முறையில் தொடக்க ஏற்றிகள் அனைத்தும் வட்டில் தனியே ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பிரிவில், ஒவ்வோர் இயங்குதளத்திற்கும் ஒரு கோப்புறை என்னும் முறையில் வைக்கப்படுகின்றன. எந்தக் கோப்பிலிருந்து தொடங்குவது என்னும் குறிப்பு தாய்ப்பலகையின் நினைவில் இருக்கும். ஒன்று மற்றொன்றை மேலெழுதிவிடும் இடர் இதனால் பெரிதும் குறைந்தது. ஆயினும் இரு வட்டுச் சிக்கல் இங்கும் வேறு வடிவில் தொடர்கின்றது. முதல் வட்டில் இத்தகைய பிரிவு ஏற்கெனவே இருந்தால், இரண்டாம் வட்டில் நிறுவப்படும் விண்டோஸ் தன் தொடக்க ஏற்றியை முதல் வட்டின் பிரிவிலேயே வைத்துவிடக்கூடும். லினக்ஸ் நிறுவிகள் சிலவும் அவ்வாறே செய்கின்றன. பழைய வட்டு தேவையில்லை எனக் கழற்றும் நாளில்தான் இது தெரியவரும்.

வேறு சில இடர்களும் உள. ஓர் இயங்குதளம் பழைய பயாஸ் முறையிலும் மற்றொன்று புதிய முறையிலும் நிறுவப்பட்டிருந்தால், ஒரே பட்டியலிலிருந்து இரண்டையும் தொடங்க இயலாது. வட்டுக் கட்டுப்பாட்டு முறையைப் பயாஸில் மாற்றினால், விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடக்கூடும். விண்டோஸ் 8 முதல் வந்துள்ள விரைவுத் தொடக்கம் என்னும் வசதி கணினியை முழுமையாக அணைப்பதில்லை. ஆதலால் லினக்ஸ் அவ்வட்டில் எழுத மறுக்கும். பாதுகாப்பான தொடக்கம் என்னும் முறை கையொப்பமிடாத ஏற்றிகளைத் தடுக்கும். 2024 ஆகஸ்டு மாதம் மைக்ரோசாப்ட் வெளியிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்றை ஏற்றபின், உலகெங்கும் பல கணினிகளில் விண்டோஸ் இயங்க, லினக்ஸ் மட்டும் தொடங்க மறுத்தது. அப்போதும் பயனாளரின் கோப்புகளுக்கு ஊறு நேரவில்லை. தடுக்கப்பட்டது வாயில் மட்டுமே.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றதால், பழைய கணினிகளில் லினக்ஸையும் சேர்த்து நிறுவிக்கொள்வோர் பெருகிவருகின்றனர். எனவே இச்செய்திகள் கணினித் துறையினர்க்கு மட்டும் உரியன அல்ல.

கைக்கொள்ளத்தக்க நெறிகள்

1. திரையின் செய்தியைப் படமெடுத்துக்கொள்க. பென்டிரைவ், வெளிவட்டு முதலியவற்றைக் கழற்றிவிட்டு ஒருமுறை மீண்டும் இயக்கிப் பார்க்க.

2. பயாஸ் திரையில் எல்லா வட்டுகளும் தெரிகின்றனவா எனக் காண்க. தெரியாத வட்டிற்கு மென்பொருள் மருந்து பயன்படாது. மின்னிணைப்பை நீக்கிக் கேபிளைப் பார்க்க.

3. தேதி பல ஆண்டு பின்னே சென்றிருந்தால் தாய்ப்பலகையின் மின்கலத்தை மாற்றுக.

4. சீரமைக்குமுன் பிரதி எடுக்க. விண்டோஸ் வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்புத் திறவெண்ணைக் கையில் வைத்துக்கொண்டே எதனையும் மாற்றுக.

5. புதிய இயங்குதளம் நிறுவும்போது மற்ற வட்டைக் கழற்றி வைக்க. ஒவ்வொரு வட்டிலும் அதற்குரிய தொடக்க ஏற்றியே இருத்தல் வேண்டும்.

6. வட்டைப் பெயரால் அன்றிக் கொள்ளளவாலும் மாதிரிப் பெயராலும் அடையாளம் காண்க.

7. பார்மட் என்னும் சொல்லைக் கேட்டவுடன் தலையசைத்துவிடாமல், எந்தப் படியில் பழுது என்று வினவுக. விடை கூற இயலாதவரிடம் வட்டை ஒப்படைத்தல் ஆகாது.

முடிவுரை

வட்டக்கானல் ஆசிரியரின் சொற்றொகுப்பு இன்று மூன்று இடங்களில் உள்ளது: அவருடைய கணினியில் ஒன்று, அவர் மகளின் இல்லத்தில் வெளிவட்டில் ஒன்று, நம் துறையில் ஒன்று. பழைய எழுத்துருவில் எஞ்சியுள்ள பகுதியை யூனிகோடுக்கு மாற்றும் பணியை நம் முதுகலை மாணவர் சிலர் மேற்கொண்டுள்ளனர். அப்பணி நிறைவுறும்வரை பழைய விண்டோஸ் வட்டும் உயிரோடு இருத்தல் வேண்டும் என்பதால், அதனைப் பேணும் முறையையும் அவர்கள் கற்றுவருகின்றனர்.

நம் துறைசார்ந்த பெரியோர் பலரின் இல்லங்களில் இவ்வாறே தொடங்க மறுத்த கணினிகளும் கழற்றி வைத்த வட்டுகளும் மூலையில் கிடக்கலாம். பழைய இரும்புக்கடைக்கு அவற்றை அனுப்புமுன் ஒருமுறை நம் மாணவரிடம் காட்டுமாறு வேண்டுகின்றோம். உள்ளே ஒரு நூல் முழுமையாக இருக்கக்கூடும்.